92 கிராம் கடலை விழுது: பாக்கெட்டும் அது வந்து சேரும் வழியும்

ப்ளம்பிநட் எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. எடை 92 கிராம், உள்ளே 500 கிலோகலோரி. மூலையைக் கிழித்துப் பிதுக்கினால் இனிப்பான வேர்க்கடலை விழுது வரும். இதைச் சாப்பிடுவது ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள், உடல் வற்றி விலா எலும்பு எண்ணும்படி ஆகிவிட்ட குழந்தை. வாங்குவது பெரும்பாலும் வேறொரு நாட்டின் அரசாங்கம். பயன்படுத்துபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர். அதனால் இந்தப் பொருளை மதிப்பிடும்போது பாக்கெட்டை மட்டும் பார்த்தால் போதாது, அது வந்து சேரும் வழியையும் பார்க்க வேண்டும். 2025இல் அறுந்தது அந்த வழிதான்.

முதலில் பாக்கெட். இந்த வகை உணவுக்குப் பொதுப்பெயர் ஆர்.யு.டி.எஃப். சமைக்காமல், கலக்காமல், அப்படியே தரக்கூடிய சிகிச்சை உணவு. வேர்க்கடலை விழுது, சர்க்கரை, தாவர எண்ணெய், கொழுப்பு நீக்கிய பால் பவுடர், வைட்டமின்-தாதுக் கலவை என்று ஐந்தே பொருள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் பிற ஐ.நா. அமைப்புகளும் 2007இல் வெளியிட்ட கூட்டறிக்கை இதற்கு அளவுகளை வகுத்தது. 100 கிராமில் 520 முதல் 550 கிலோகலோரி இருக்க வேண்டும். மொத்த ஆற்றலில் 45 முதல் 60 சதவீதம் கொழுப்பிலிருந்தும், 10 முதல் 12 சதவீதம் புரதத்திலிருந்தும் வர வேண்டும். அந்தப் புரதத்தில் பாதியாவது பாலிலிருந்து கிடைக்க வேண்டும். ஈரப்பதம் 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

பொருளின் உயிர் அந்தக் கடைசி எண்ணில் இருக்கிறது. இதற்கு முன்னால் கடும் மெலிவுக்கு மருத்துவமனைகளில் கொடுத்தது எஃப்-100 என்ற சிகிச்சைப் பால். சத்தில் குறையில்லை. ஆனால் அதைக் கரைக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும், கரைத்த பால் சீக்கிரம் கெடும், தாயும் குழந்தையும் வாரக்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். வீட்டில் மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு எந்தத் தாயால் முடியும்? பாதியில் கிளம்பிப் போனவர்கள் ஏராளம். 1996 வாக்கில் ஆந்த்ரே பிரியாந்த் என்ற பிரெஞ்சுக் குழந்தை மருத்துவரும், நார்மண்டியின் மலோனேயில் நியூட்ரிசெட் நிறுவனத்தை நடத்திவந்த மிஷேல் லெஸ்கானும் எஃப்-100இல் இருந்த பால் பவுடரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு வேர்க்கடலை விழுதைச் சேர்த்தார்கள். தூள்கள் எண்ணெயில் மிதக்கின்றன. தண்ணீர் இல்லாததால் கிருமி வளர வழியில்லை. திறக்காத பாக்கெட் குளிர்சாதனம் இல்லாமலே 24 மாதம் தாங்கும். 2005இல் நைஜரில் பஞ்சம் வந்தபோது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு, பெரும்பாலோரை வீட்டிலேயே வைத்து, இதைக் கொடுத்துச் சிகிச்சை அளித்தது. அதன் பிறகு யாரும் பழைய முறைக்குத் திரும்பவில்லை. 2023இல் உலக சுகாதார நிறுவனம் இதைக் குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்த்தது.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம். கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இடது மேல்கையின் நடுவில், தோளுக்கும் முழங்கைக்கும் சரிபாதியில், மூவண்ண நாடாவைச் சுற்ற வேண்டும். இறுக்கவும் கூடாது, தளர விடவும் கூடாது. 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு: கடும் மெலிவு. 115இலிருந்து 125க்குள் மஞ்சள்: மிதமான மெலிவு. அடுத்து இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டிலும் குழி விழுந்து நின்றால், நாடா என்ன நிறம் காட்டினாலும் அது கடும் நிலைதான். இங்கே தவறு அடிக்கடி நடக்கிறது. வீங்கிய குழந்தை பார்வைக்குப் புஷ்டியாகத் தெரியும், எடையும் குறைவாக இருக்காது, எடையை மட்டும் பார்ப்பவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

மூன்றாவது, பசிச் சோதனை. தாய் கைகழுவி, அமைதியான இடத்தில் உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் கொடுத்துப் பார்க்க வேண்டும். திணிக்கக் கூடாது, பக்கத்தில் குடிக்கத் தண்ணீர் இருக்க வேண்டும். விருப்பத்தோடு சாப்பிட்டால் வீட்டுச் சிகிச்சை போதும். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, கடும் காய்ச்சல், ஓயாத வாந்தி, மயக்கம் இருந்தாலோ இந்த பாக்கெட் அந்தக் குழந்தைக்கு இப்போதைக்கு இல்லை. மருத்துவமனையில் சேர்த்து, எஃப்-75 என்ற ஆற்றல் குறைந்த சிகிச்சைப் பாலில் தொடங்க வேண்டும். பட்டினியில் சுருங்கிய உடலுக்குள் திடீரென்று இவ்வளவு ஆற்றலைச் செலுத்தினால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நிற்கக்கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் இது கிடையாது.

அளவு உடல் எடையைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல்படி ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 150 முதல் 185 கிலோகலோரி. ஆறு கிலோ குழந்தைக்கு 900 முதல் 1,110 வரும், அதாவது நாளுக்கு ஏறத்தாழ இரண்டு பாக்கெட். பழைய வழிகாட்டுதல் இதைவிடத் தாராளம், இரண்டரை பாக்கெட் வரை போகும். எட்டு வாரத்துக்கு இரண்டரை வீதம் 140 பாக்கெட். ஒரு அட்டைப்பெட்டியில் 150 இருக்கும். 'ஒரு பெட்டி, ஒரு குழந்தை' என்று களத்தில் சொல்வது இந்தக் கணக்கில்தான். பால் குடிக்கும் குழந்தைக்கு முதலில் தாய்ப்பால், பிறகு பாக்கெட். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை, சிறிது சிறிதாக நாள் முழுக்கக் கொடுக்கலாம். கஞ்சியிலோ தண்ணீரிலோ கலக்கவே கூடாது, கலந்தால் கிருமி வளராத அந்தத் தன்மை போய்விடும். தொடக்கத்தில் ஐந்து நாள் அளவில் அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்து தருவது வழக்கம். வாரம் ஒருமுறை மையத்தில் எடையும் நாடாவும் பார்த்து, தொடர்ந்து இரண்டு வருகையில் 125 மில்லிமீட்டரும் வீக்கமின்மையும் இருந்தால் சிகிச்சை முடிந்தது.

எங்கே பிசகுகிறது? பாக்கெட் வீட்டுக்குப் போனதும் பகிரப்படுகிறது. மூன்று பிள்ளைகள் பசித்திருக்கும் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் ஊட்டச் சொல்வது எளிதான அறிவுரை இல்லை. எடை ஏறாத குழந்தையின் வீட்டில் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான், தாயைக் குற்றம் சொல்லும் தொனியில்லாமல். வெயிலில் கிடந்த பெட்டிகளில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். கெட்டுவிட்டது என்று வீசக்கூடாது. திறப்பதற்கு முன் கையால் நன்கு பிசைந்தால் சேர்ந்துவிடும். பிசையாமல் திறந்தால் குழந்தை எண்ணெயை மட்டும் குடித்து வயிற்றோட்டத்தில் போய் நிற்கும். அடுத்தது அஃப்ளாடாக்சின். ஈரத்தில் கிடந்த கடலையில் பூஞ்சை விடும் நச்சு இது. 2007 அறிக்கை அனுமதித்த உச்சம் நூறு கோடியில் 5 பங்கு. ஏழை நாடுகளிலேயே பாக்கெட் தயாரிக்கத் தொடங்கிய ஆலைகளைத் தடுமாற வைத்தது இயந்திரமோ பாலோ இல்லை, சுத்தமான கடலைதான்.

குறை உண்டா? உண்டு. நோய் தீர்ந்த குழந்தை அதே வறுமைக்குத்தான் திரும்புகிறது, அதனால் சிலர் மீண்டும் மெலிந்து வருகிறார்கள். பால் பவுடர் சேர்ப்பதால் விலை இறங்குவதில்லை. இந்தியாவில் இன்னொரு வாதமும் இருக்கிறது: வெளியிலிருந்து வரும் பாக்கெட், வீட்டுச் சமையலையும் அங்கன்வாடி உணவையும் ஓரங்கட்டும் என்பது. பீகாரிலும் மத்தியப் பிரதேசத்திலும் யுனிசெஃப் கொண்டுவந்த பாக்கெட்டுகளை 2009இல் இந்திய அரசு திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னது. இந்த வாதத்தை உதறித் தள்ள முடியாது. ஆனால் தரவும் இருக்கிறது. டெல்லி, ராஜஸ்தான், தமிழ்நாடு ஆகிய இடங்களில் (தமிழ்நாட்டில் வேலூர்) நடந்து 2016இல் வெளியான ஆய்வில், உள்ளூரில் தயாரித்த கடலை விழுது பெற்ற குழந்தைகளில் 57 சதவீதம் பேர் 16 வாரத்துக்குள் தேறினார்கள். ஆலையிலிருந்து வந்த பாக்கெட்டில் 48, சத்து கூட்டிய வீட்டு உணவில் 43. வீட்டு உணவு தோற்றது என்று இதைப் படிக்கக் கூடாது. உள்ளூரில் செய்தால் நன்றாகவே வருகிறது என்பதுதான் இதன் செய்தி.

மொத்தத்தில் பாக்கெட்டுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். வழிக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

ஒரு பெட்டியின் விலை 40 முதல் 50 டாலர். உலகில் தயாராகும் ஆர்.யு.டி.எஃப்பில் முக்கால் பங்குக்கு மேல் யுனிசெஃப் வாங்குகிறது. அதற்கான பணம் சில பணக்கார நாடுகளின் ஆண்டு நிதிநிலை அறிக்கையிலிருந்து வருகிறது, அவற்றில் தலையானது அமெரிக்கா. அமெரிக்க உதவியில் வரும் பாக்கெட்டுகளைச் செய்பவர்கள் முக்கியமாக இரண்டு பேர்: ஜார்ஜியா மாநிலத்தின் ஃபிட்ஸ்ஜெரால்டில் உள்ள மானா, ரோட் ஐலண்டில் உள்ள எடீசியா. அமெரிக்க விவசாயியின் கடலை, அமெரிக்க ஆலை, சட்டப்படி சரக்கில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில். பிறகு ஆப்பிரிக்கத் துறைமுகம், சுங்கம், லாரி, மாவட்டக் கிடங்கு, சுகாதார மையம். முதல் கண்ணியிலிருந்து கடைசிக் கண்ணிக்கு மாதக்கணக்கில் ஆகும். இன்று மையத்தில் கிழிக்கும் பாக்கெட்டுக்குப் பணம் ஒதுக்கியது எப்போதோ.

2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி ஆணையிட்டார். சில நாளில் பணி நிறுத்த உத்தரவுகள் போயின. உயிர்காக்கும் உதவிக்கு விலக்கு உண்டு என்று அறிவித்தார்கள். விலக்கு இருக்கும்போது என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள், ஆகவே விளக்கமாகச் சொல்ல வேண்டும். விலக்கு என்பது அனுமதிக் கடிதம். அந்தக் கடிதத்தின் பேரில் பில்லைச் சரிபார்த்துப் பணம் விடுவிக்க வேண்டிய அதிகாரிகள் கட்டாய விடுப்பில் இருந்தார்கள், பட்டுவாடா முடங்கிக் கிடந்தது. ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கே பணம் வராத தொண்டு நிறுவனம், விலக்கை நம்பி அடுத்த மாதச் சம்பளத்தைக் கடன் வாங்கிக் கொடுக்காது. மேலே சொன்ன இரண்டு ஆலைகளுக்கும் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டு, திரும்பத் தரப்பட்டு, பிப்ரவரிக் கடைசியில் ரத்தாகி, சில நாளில் மறுபடியும் உயிர்பெற்றது. மார்ச் 10 அன்று, அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று வெளியுறவுச் செயலர் மார்கோ ரூபியோ அறிவித்தார். ஜூலை 1 முதல் அந்த நிறுவனம் உதவி வழங்குவதே நின்றுபோனது. ஆகஸ்டில் ஆர்.யு.டி.எஃப்புக்காக யுனிசெஃப்புக்கு 9.3 கோடி டாலர் என்று வெளியுறவுத் துறை அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் இடையில் போன ஏழு மாதம், எட்டு வாரச் சிகிச்சை தேவைப்படும் குழந்தைக்கு மூன்று சிகிச்சைக் காலத்துக்கும் மேல்.

அமெரிக்கா மட்டுமில்லை. பிரிட்டன் 2021இலேயே தன் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5க்குக் குறைத்தது. 2025 பிப்ரவரியில், பாதுகாப்புச் செலவுக்காக 2027க்குள் 0.3க்கு இறக்குவதாகச் சொன்னது. ஜெர்மனியும் பிரான்சும் நெதர்லாந்தும் அதே திசையில் போகின்றன. கொடையாளர் நாடுகள் அறிவித்த வெட்டுகளைக் கூட்டிப் பார்த்து 2025 மார்ச்சில் நேச்சர் இதழில் ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: ஊட்டச்சத்து உதவியில் 44 சதவீதம் போனால் 23 லட்சம் குழந்தைகள் கடும் மெலிவுக்கான சிகிச்சையை இழப்பார்கள், ஆண்டுக்கு 3,69,000 குழந்தைகள் கூடுதலாக இறப்பார்கள். இது மதிப்பீடு, எண்ணிப் பார்த்த சாவு இல்லை. களத்தில் நடந்ததும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது. எத்தியோப்பியாவில் 6,50,000 மெலிந்த பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிகிச்சையை உலக உணவுத் திட்டம் நிறுத்த வேண்டி வந்தது. வடகிழக்கு நைஜீரியாவில் 150 ஊட்டச்சத்து மையங்கள் மூடப்பட்டன, அவற்றை நம்பியிருந்த குழந்தைகள் மூன்று லட்சம்.

நிதி போனால் எந்தக் கண்ணி முதலில் அறும் என்பதை வெட்டுகளைப் பற்றிப் பேசுபவர்கள் கவனிப்பதில்லை. பாக்கெட் முதலில் தீராது. கிடங்கில் இருப்பு இருக்கும். முதலில் போவது கிராமம் கிராமமாக நாடாவோடு போகும் ஊழியரின் சிறு ஊக்கத்தொகை. அவர் நின்றுவிட்டால் புதிய குழந்தைகளைக் கண்டுபிடிக்க ஆளில்லை. மையத்துக்கு வருவோர் எண்ணிக்கை குறைகிறது. மேலே உட்கார்ந்து அட்டவணை பார்ப்பவருக்கு 'சேர்க்கை குறைந்திருக்கிறது' என்று தெரியும், தேவையே குறைந்துவிட்டதுபோல. பிறகு வருகிற குழந்தைகள் தாமதமாக, கைவீக்கமும் கால்வீக்கமுமாக, பசியே இல்லாமல் வருவார்கள். அவர்களுக்கு பாக்கெட் உதவாது, மருத்துவமனைப் படுக்கை வேண்டும், செலவு பல மடங்கு. இரண்டாவதாகப் போவது லாரி வாடகை. அதனால்தான் ஒரே நாட்டில் ஒரு கிடங்கில் பெட்டி நிரம்பியிருக்க, 200 கிலோமீட்டர் தள்ளி உள்ள மையம் காலியாக இருக்கும். காலாவதித் தேதி எந்த ஆணைக்கும் நிற்காது. துபாய்க் கிடங்கில் அமெரிக்கப் பணத்தில் வாங்கி வைத்திருந்த ஊட்ட பிஸ்கட்டில் ஏறக்குறைய 500 டன் 2025 ஜூலையில் காலாவதியாகி அழிக்கப்பட்டது. பதினைந்து லட்சம் குழந்தைகளுக்கு ஒரு வாரம் கொடுத்திருக்கலாம். அழிக்கவும் தனியாகப் பணம் செலவழிந்தது.

உதவியை விமர்சிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அமெரிக்கக் கடலையை, பாதியாவது அமெரிக்கக் கப்பலில், அனுப்ப வேண்டும் என்ற விதி, நைஜரிலும் எத்தியோப்பியாவிலும் கென்யாவிலும் இதே பாக்கெட்டைச் செய்யும் ஆலைகளின் வளர்ச்சியைத் தடுத்தது. பல ஆண்டுப் பழக்கத்தில் ஏழை நாடுகளின் நிதி அமைச்சகங்கள் பல இந்தச் செலவைத் தங்கள் கணக்கில் எழுதவே இல்லை. உதவி என்றும் தொடர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. எப்படி நிறுத்துவது என்பதில்தான் சண்டை. ஒரு அரசு புதுச் செலவினத்தைத் தன் நிதிநிலை அறிக்கையில் சேர்க்க ஓராண்டு, டெண்டர் விட்டு வாங்க இன்னோர் ஆண்டு, வாங்கியதை மாவட்டம் வரை கொண்டுபோகப் பழக மேலும் ஓராண்டு என்று மூன்றாண்டாவது வேண்டும். அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2023இல் யுனிசெஃப் தொடங்கிய குழந்தை ஊட்டச்சத்து நிதியில், ஒரு நாடு தன் பணத்தில் ஒரு டாலருக்கு பாக்கெட் வாங்கினால் நிதி இன்னொரு டாலர் சேர்க்கும். இதைப் பெருக்கிக்கொண்டே வெளியேறியிருந்தால் அது சீர்திருத்தம். ஒரே இரவில் கதவை அடைத்தது சீர்திருத்தம் ஆகாது.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் இங்கே பார்க்கத் தக்கது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அங்கன்வாடியில் அளந்து, கடும் மெலிவு உள்ளவர்களைப் பிரித்து, அவர்களுக்கு இந்த வகைச் சிகிச்சை உணவைக் கொடுத்தார்கள். அளப்பவர் மாநிலத்தின் ஊழியர், செலவு மாநிலத்தின் கணக்கில். வாஷிங்டனில் எந்தக் கையெழுத்து விழுந்தாலும் அந்த அங்கன்வாடியில் நாடா சுற்றுவது நிற்காது. இந்தியாவிலேயே இந்தப் பாக்கெட்டைத் தயாரித்து யுனிசெஃப்புக்கு விற்கும் ஆலைகள் பல உள்ளன.

கையிருப்பு குறைந்துவிட்ட நிலையில் மையம் நடத்துபவர்களுக்கு: எடைக்கணக்கை விட்டுவிட்டு, சிவப்புக்கு நாளுக்கு இரண்டு, மஞ்சளுக்கு ஒன்று என்ற எளிய முறைக்கு மாறலாம். கென்யாவிலும் தெற்கு சூடானிலும் சோதித்ததில் தேறும் விகிதம் வழக்கமான முறைக்குக் குறையவில்லை, செலவு குறைந்தது. ஊழியர் போய்விட்ட ஊர்களில் நாடாவைத் தாய்மாரிடமே கொடுத்து அளக்கக் கற்றுக்கொடுக்கலாம். ஒரு நாடாவின் விலை சில்லறைக் காசு, சிவப்பைக் கண்டுபிடிப்பதில் தாய்மார் ஊழியர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. பெட்டிகளைத் தரையிலிருந்து தூக்கி, சுவரிலிருந்து தள்ளி, முதலில் காலாவதியாவதை முன்னால் அடுக்க வேண்டும்.

பணம் கொடுக்க நினைப்பவர்கள் தொண்டு நிறுவனத்திடம் எத்தனை பெட்டி என்று கேட்பதோடு நிறுத்தாமல், கடைசி 50 கிலோமீட்டருக்கு லாரி வாடகை யார் கொடுக்கிறார்கள், நாடாவோடு போகிறவருக்கு மாதச் சம்பளம் எந்தத் தேதி வரை உறுதி, தேறியவர் 75 சதவீதத்துக்கு மேலும் இடையில் நின்றவர் 15 சதவீதத்துக்குக் கீழும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் எண்ணோடு பதில் சொல்லும் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம்.